ஒரே பருவத்தில் மூன்று பெல்ட் கருகியது: தோட்ட டில்லரில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை

என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். லிவரை அழுத்தினால் கத்திகளும் காற்றில் ஜோராகச் சுழலும். மண்ணில் இறக்கி ரெண்டடி போனதும் கத்தி நின்றுவிடும், என்ஜின் மட்டும் அதே வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் கருகிய ரப்பர் வாடை மூக்கில் ஏறும். மண்ணைக் கிளறி உழும், பெல்ட் வைத்த சின்ன டில்லர் ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எனக்கு இது ஒரே பருவத்தில் மூன்று பெல்ட்டைத் தின்றது. அந்த மூன்றில் ஒன்றுகூடத் தன் தவறால் போகவில்லை என்பது மூன்றாவதும் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது ஒரு பெல்ட்டாவது மிஞ்சினால் நல்லது.

என்னுடையது முன்னால் கத்தி வைத்த சின்ன டில்லர். மேலே பெட்ரோல் என்ஜின், அதன் தண்டில் ஒரு சின்ன புல்லி, கீழே கியர் பெட்டியின் தண்டில் ஒரு பெரிய புல்லி, ரெண்டையும் சேர்க்கும் ஒரு வி பெல்ட். இதில் கிளட்ச் என்று தனியாக எதுவும் கிடையாது, பெல்ட்டேதான் கிளட்ச். லிவரை விட்டிருக்கும்போது பெல்ட் தொளதொளவென்று கிடக்கும், என்ஜின் புல்லி அதற்குள் சும்மா சுற்றும். லிவரை அழுத்தினால் கேபிள் ஒரு ஸ்பிரிங்கை இழுக்கும், ஸ்பிரிங் ஒரு சின்ன கையை இழுக்கும், அந்தக் கையின் நுனியில் இருக்கும் ஐட்லர் புல்லி பெல்ட்டை அமுக்கி இறுக்கும், அப்போதுதான் கத்தி சுற்றும். சில டில்லர்களில் ஐட்லரே இருக்காது, என்ஜினையே நகர்த்திப் பெல்ட்டை இறுக்க வேண்டும். பின்னால் கத்தி வைத்த சிலவற்றில் முன்னே போக ஒரு பெல்ட், பின்னே வர ஒரு பெல்ட் என்று ரெண்டு இருக்கும். கியரில் மட்டுமே ஓடும் வண்டியும் உண்டு, அதில் பெல்ட்டே கிடையாது. ஆகவே முதலில் கவரைக் கழற்றி உங்கள் வண்டி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் பெல்ட் வண்டியோடு வந்தது. ஒரு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. அடுத்த பருவத்தில் இறுகிக் கிடந்த மண்ணில் கத்தி நிற்க ஆரம்பித்தது. பெல்ட் லூஸாகிவிட்டது என்று நினைத்து கேபிளின் நுனியில் இருக்கும் ரெண்டு நட்டைத் திருகி டைட் செய்தேன். உடனே சரியாயிற்று. ரெண்டு நாள் கழித்து மறுபடியும் நழுவியது, மறுபடியும் டைட் செய்தேன். இப்படி நாலைந்து முறை. கடைசியில் திருகுவதற்குப் பிரியே மிச்சமில்லை. அதோடு புதிதாக இன்னொன்றும் வந்தது: லிவரை முழுதாக விட்ட பிறகும் கத்தி மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த மெல்லச் சுற்றல் எவ்வளவு பெரிய ஆபத்து என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஒருநாள் லிவரை விட்டுவிட்டு, ஓடும் என்ஜினோடு வண்டியைச் சுற்றி முன்பக்கம் வந்து ஒரு கல்லைக் காலால் தள்ளப்போனேன். கத்தி என் செருப்பின் ஓரத்தைக் கவ்வி இழுத்தது. செருப்போடு போயிற்று, கால் தப்பியது. அன்றைக்கு இரவெல்லாம் எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கேபிளை எவ்வளவு டைட் செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லை கிடையாது. லிவரை விட்டால் கத்தி நின்றே ஆக வேண்டும். நிற்கவில்லை என்றால் கேபிள் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது, அல்லது ஐட்லர் கை திரும்பி வராமல் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் வண்டியை ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம்.

கொஞ்ச நாளில் அந்தப் பெல்ட் கருகி அறுந்தது. புது பெல்ட் வாங்க வேண்டும். பழைய பெல்ட்டின் மேல் எழுத்தெல்லாம் அழிந்திருந்ததால் நானே அளந்தேன். பெல்ட்டின் வெளிப்பக்கத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்தால் 35 அங்குலம். கடையில் ஏ வகையில் (ஏ, பி என்பது பெல்ட்டின் அகலத்தை வைத்துச் சொல்லும் வகை) 35 என்று கேட்டு வாங்கி வந்து மாட்டினேன். மாட்டும்போதே ரொம்ப சுலபமாக ஏறியது, அதை ஒரு நல்ல விஷயமாகவே எடுத்துக்கொண்டேன். ஓட்டினால் முதல் நாளே நழுவல்.

ஏ-35 என்றால் அந்த 35 அங்குலம் பெல்ட்டின் உட்பக்க நீளம். ஏ வகையில் வெளி நீளம் அதைவிட ஏறக்குறைய 2 அங்குலம் கூடுதலாக இருக்கும். நான் அளந்ததோ வெளி நீளம். ஆக, எனக்குத் தேவைப்பட்டது ஏ-33, நான் மாட்டியது அதைவிட 2 அங்குலம் கூடுதல் நீளமான பெல்ட். இதே அளவை வேறு சில பெல்ட்களில் 4எல்350 என்று போட்டிருப்பார்கள், அங்கே 350 என்பது வெளி நீளம் 35.0 அங்குலம். ஏ-33-ம் 4எல்350-ம் ஏறக்குறைய ஒரே நீளம், ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ரெண்டு பெல்ட் மாதிரி இருக்கும். எந்த முறை எண் என்று தெரியாமல் எண்ணைச் சொல்லி வாங்கினால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். வண்டியின் கையேட்டில் பெல்ட்டின் பாக எண் இருந்தால் அதைச் சொல்லி வாங்குவதுதான் நல்லது. அது இல்லாமல் பழைய பெல்ட்டை அளந்து வாங்குவதாக இருந்தால், ஓடித் தேய்ந்த பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அகலமும் பார்க்க வேண்டும். ஏ வகை மேல்பக்கம் 13 மி.மீ. அகலம், பி வகை 17 மி.மீ. பெல்ட்டின் மேல்பக்கம் புல்லியின் விளிம்புக்குச் சமமாகவோ ஒரு துளி மேலேயோ உட்கார வேண்டும். உள்ளே அமிழ்ந்து போனால் பெல்ட் ஒல்லியானது, அல்லது புல்லி தேய்ந்துவிட்டது. இது ஏன் முக்கியம் என்றால் வி பெல்ட் பிடிப்பது அதன் ரெண்டு பக்கச் சரிவுகளால்தான். ஆப்பு மாதிரி பள்ளத்தில் இறங்கி ரெண்டு சுவரையும் நெருக்கிப் பிடிக்கிறது. அதன் அடிப்பக்கம் புல்லிப் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் ஆப்பு வேலை செய்யாது, எவ்வளவு இழுத்தாலும் நழுவும். புல்லிப் பள்ளத்தின் தரை பளபளவென்று தேய்ந்து மின்னினால் பெல்ட் அங்கே உரசியிருக்கிறது என்று அர்த்தம். சுவர்கள் நேர்ச் சரிவாக இல்லாமல் உட்குழிந்து கிண்ணம் போல ஆகியிருந்தால் புது பெல்ட் போட்டுப் பிரயோஜனம் இல்லை, புல்லியை மாற்ற வேண்டும்.

பெல்ட்டின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் டில்லரில் பெல்ட் ஒரு நாளில் எத்தனையோ முறை பிடித்து விடுகிறது. எப்போதும் இறுகியே ஓடும் இடத்துக்குச் செய்த பெல்ட்டுக்கு இந்த வேலை பழக்கமில்லை. கிளட்ச் வேலைக்கென்றே வரும் பெல்ட்டில் உள்ளே அராமிட் என்ற வலுவான செயற்கை நார் இருக்கும், அது லேசில் நீளாது. வெளியே சுற்றிலும் துணி உறை இருக்கும், அதனால் லிவரை விட்டதும் புல்லியில் ஒட்டாமல் வழுக்கி நிற்கும். வெறும் ரப்பர் பக்கம் உள்ள பெல்ட் புல்லியைக் கவ்விக்கொண்டு விட மறுக்கும், லிவரை விட்ட பிறகும் கத்தி சுற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதாகச் சரியான அளவிலேயே வாங்கினேன். நன்றாகப் பிடித்தது. ஆனால் மூன்று நாலு மணி நேர உழவிலேயே பெல்ட்டின் ஒரு பக்கம் துணி பிய்ந்து நார் வெளியே வந்து, கவருக்குள் கறுப்புப் பொடியாகக் கொட்டியது. அப்புறம் வாடை, அப்புறம் புகை. இந்த முறை எனக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போயிற்று. என்ஜின் வேலை பார்க்கும் ஒரு அண்ணனுக்குப் போன் போட்டு, "அண்ணே, வண்டியக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வண்டி அப்புறம் வரட்டும் தம்பி. கழட்டின பெல்ட்டெல்லாம் இருக்கா? மொதல்ல அதைக் கொண்டாங்க" என்றார்.

நல்லவேளை மூன்றையும் தூக்கிப் போடாமல் மூலையில் வைத்திருந்தேன். அவர் அவற்றை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் உள்வெளியாகத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. முதல் பெல்ட்டின் ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழவழவென்று மின்னியது. ரொம்ப நாள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியே ஓடியிருக்கிறது, நழுவும்போது உண்டாகும் சூட்டில் பக்கங்கள் வேகும், வெந்து வழவழப்பான பக்கம் இன்னும் அதிகமாக நழுவும், அப்படியே சுற்றிச் சுற்றிப் போகும். ரெண்டாவதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கடித்து எடுத்த மாதிரி கருகிய பள்ளம் இருந்தது. அது கத்தி ஏதோ வேரில் சிக்கி நின்றபோதும் நான் லிவரை விடாமல் பிடித்திருந்ததன் அடையாளம். பெல்ட் அசையாமல் நிற்கிறது, என்ஜின் புல்லி ஒரே இடத்தில் உரசிக்கொண்டே சுற்றுகிறது, சில நொடி போதும், அங்கே பள்ளம் விழுந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் டப் டப் என்று ஒரு தட்டல் கேட்டிருக்குமே என்று கேட்டார். கேட்டது உண்மைதான், என்ஜினில் ஏதோ பழுது என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது பெல்ட்டில் ஒரு பக்கம் புதிது போல இருந்தது, மறுபக்கம் மட்டும் பிய்ந்திருந்தது. "புல்லி ரெண்டும் நேர்ல இல்ல தம்பி, என்ஜின் போல்ட்டைப் பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் என்ஜினைத் தாங்கும் நாலு போல்ட்டில் ரெண்டு கையாலேயே திரும்பியது. அதிர்வில் கழன்று, என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு நேரான இரும்புச் சட்டத்தை ரெண்டு புல்லியின் முகத்திலும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். நேராக இருந்தால் சட்டம் மேல் புல்லியில் ரெண்டு இடத்திலும் கீழ் புல்லியில் ரெண்டு இடத்திலும் ஒட்ட வேண்டும், எனக்கு மேலே ஒரு பக்கம் தீப்பெட்டி கனத்தில் பாதி இடைவெளி இருந்தது. சட்டம் இல்லையென்றால் ஒரு நூலை இழுத்துப் பிடித்தும் பார்க்கலாம். ரெண்டு புல்லியின் விளிம்பும் ஒரே தடிமனாக இல்லாவிட்டால் முகத்தை நம்ப வேண்டாம், பள்ளத்தின் நடுவிலிருந்து அளந்து பார்க்க வேண்டும்.

போல்ட்டை இறுக்கி நேராக்கியதும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார், பெல்ட் இல்லாமல் ஐட்லர் கையை விரலால் தள்ளிப் பாருங்கள், லேசாகப் போய் லேசாகத் திரும்ப வேண்டும் என்று. என்னுடையது போனது, ஆனால் வழியில் ஒரு இடத்தில் நின்று, அழுத்தினால்தான் மீதி போயிற்று. கை சுழலும் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே சேறும் துருவும் கெட்டியாகி உறைந்திருந்தது. முதல் பெல்ட் நழுவ ஆரம்பித்ததற்கு மூலம் இதுதான். நான் லிவரை அழுத்தியபோதெல்லாம் இழுவையில் பெரும்பகுதி அந்தத் துருவை எதிர்த்துச் செலவாகிப் பெல்ட்டுக்கு மிச்சம்தான் போய்ச் சேர்ந்தது. நான் கேபிளை இன்னும் இன்னும் இழுத்தேன். விட்டபோதும் அதே துருவினால் கை முழுதாகத் திரும்பவில்லை, அதனால்தான் கத்தி சுற்றியது. உப்புத்தாள் போட்டுச் சுத்தம் செய்து, கொஞ்சம் கிரீஸ் வைத்து, வெளியே பிதுங்கியதைத் துடைத்து மாட்டினேன். கேபிளின் உள்கம்பியும் உறைக்குள் துருப்பிடித்து முரடாக இருந்தது, மேல் நுனியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் இழுத்ததில் அதுவும் இளகியது. ஐட்லர் புல்லியின் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தால் மணல் அரைபடுவது போல ஒரு சத்தம், அதையும் மாற்றினேன்.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். எதைத் தொடுவதற்கு முன்னாலும் என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி, அது தானாகப் போய்ப் பிளக்கைத் தொடாத மாதிரி தூரமாக வளைத்து வைக்கிறேன். பெல்ட்டைக் கையால் இழுத்தாலே என்ஜின் தண்டு சுற்றும், சுற்றினால் என்ஜின் ஒரு உதை உதைக்கலாம், விரல் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இருந்தால் அவ்வளவுதான். பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே சைலன்சரும் இருப்பதால் சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வண்டியைச் சாய்ப்பதாக இருந்தால் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, ஏர் ஃபில்டர் மேல் பக்கம் வருகிற மாதிரி சாய்க்க வேண்டும், இல்லையென்றால் என்ஜினில் இருக்கும் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும்.

பெல்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கத்தியைப் பார்க்கிறேன். கத்தித் தண்டில் புல்லும் கயிறும் பிளாஸ்டிக்கும் சுற்றிக்கொண்டு இறுகியிருந்தால் நல்ல பெல்ட்டும் நழுவத்தான் செய்யும். அதை அறுத்து எடுத்துவிட்டு, பெல்ட் தளர்வாக இருக்கும்போது கீழ்ப் புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், கனமில்லாமல் சுற்றினால் கியர் பெட்டி நன்றாக இருக்கிறது. கத்தியைப் பிடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுற்றவில்லை, கியர் பெட்டி இறுகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். வார்ம் கியர் (திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் வகை) வைத்த வண்டிகளில் பெரும்பாலும் கீழே கத்தியிலிருந்து மேலே சுற்ற முடியாது. அதன் அமைப்பே அப்படி. அதோடு புல்லி தண்டின் மேல் தனியாக ஆடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். புல்லியையும் தண்டையும் பூட்டும் சின்ன இரும்புக் கட்டையான கீ தேய்ந்தோ விழுந்தோ போயிருந்தால், புல்லி சுற்றும் தண்டு சுற்றாது. வெளியிலிருந்து பார்த்தால் பெல்ட் நழுவுவது போலவே தெரியும்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். ஐட்லர் பெல்ட்டின் வெளிமுதுகில் அமுக்குகிறதா உள்பக்கம் இருந்து தள்ளுகிறதா, பெல்ட் நழுவி விழாமல் காக்கும் கம்பி விரல்கள் எந்தப் பக்கம் வருகின்றன என்பதெல்லாம் கழற்றியதும் மறந்துபோகும். நான் ஒருமுறை கம்பிக்கு வெளியே பெல்ட்டை மாட்டிவிட்டு அரை நாள் முழித்தேன். அந்தக் கம்பிகள் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. லிவரை விட்டதும் தொளதொளத்த பெல்ட் என்ஜின் புல்லியை விட்டு விலகி நிற்க அவைதான் உதவுகின்றன. லிவரை அழுத்திய நிலையில் பெல்ட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. ஒட்டியிருந்தால் உரசி அறுக்கும், ரொம்ப தள்ளியிருந்தால் பெல்ட் புல்லியை விட்டுக் குதிக்கும்.

புது பெல்ட்டை மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள். ஏறிவிடும், வெளியே எதுவும் தெரியாது, ஆனால் உள்ளே சில நார்கள் அறுந்திருக்கும், அந்தப் பெல்ட் கொஞ்ச நாளில் முறுக்கிக்கொண்டு புல்லியில் தலைகீழாகப் புரளும். ஐட்லரைத் தளர்த்தி, கம்பி விரல்களை லூஸாக்கி, என்ஜின் புல்லியில் முதலில் போட்டுவிட்டுப் பெரிய புல்லியைக் கையால் மெல்லச் சுற்றினால் அதுவாகவே ஏறும். ஏற மறுத்தால் பெல்ட் அளவு தவறு, அல்லது எதையோ தளர்த்த மறந்திருக்கிறோம்.

இனி டைட் பார்ப்பது. ஐட்லர் வைத்த வண்டியில் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஸ்பிரிங்கைத்தான் பார்க்க வேண்டும். லிவரை விட்டிருக்கும்போது ஸ்பிரிங்கில் இழுவை இருக்கக் கூடாது, கேபிள் ஒரு துளி தொய்வாக இருக்க வேண்டும். லிவரை முழுதாக அழுத்தினால் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி விழ வேண்டும். எவ்வளவு நீள வேண்டும் என்று கையேட்டில் அளவே கொடுத்திருந்தால் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். அழுத்திய பிறகும் சுருள்கள் ஒட்டியே இருந்தால் பெல்ட்டுக்குப் போதிய அழுத்தம் போகவில்லை. லிவர் பாதி வருவதற்குள்ளேயே ஸ்பிரிங் முழுதாக விரிந்துவிட்டால் அதிகம். நட்டைத் திருகும்போது ஒரு சுற்று, ரெண்டு சுற்று, அவ்வளவுதான், திருகிவிட்டு மறுபடி அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். நட்டுக்குப் பதிலாக வரிசையாக ஓட்டை போட்ட பட்டை இருந்தால் ஒரு ஓட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். சரி செய்து முடித்த பிறகு, முன்னால் யாரும் நிற்காமல், என்ஜினை ஓட்டி லிவரை விட்டு, கத்தி முழுதாக நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். செருப்பு போன நாளிலிருந்து இதை நான் ஒருமுறைகூட விட்டதில்லை.

ஐட்லர் இல்லாமல் என்ஜினை நகர்த்தி இறுக்கும் வகையில்தான் விரலால் அமுக்கும் கணக்கு பொருந்தும். ரெண்டு புல்லி மையத்துக்கும் நடுவே 25 செ.மீ. இருந்தால், நடுவில் கட்டைவிரலால் மிதமாக அமுக்கும்போது சுமார் 4 மி.மீ. இறங்க வேண்டும், 100 மி.மீ.க்கு 1.6 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. அதைவிடக் கல்லாக இறுக்கினால் நழுவல் நிற்கும், ஆனால் அந்த இழுவை முழுவதும் என்ஜின் தண்டின் பேரிங் மேலும் கியர் பெட்டியின் ஆயில் சீல் மேலும் போய் இறங்கும். பெல்ட் போனால் மாற்றலாம், தண்டு பேரிங் போனால் என்ஜினையே பிரிக்க வேண்டும். போல்ட்டைத் திரும்ப முறுக்கும்போது என்ஜின் லேசாகத் திரும்பிவிடும், அதனால் கடைசியில் இன்னொரு முறை சட்டம் வைத்து நேர் பார்த்துவிடுங்கள்.

புது பெல்ட் முதல் சில மணி நேரத்தில் பள்ளத்தில் படிந்து கொஞ்சம் தளரும், அது இயல்பு. நான் முதலில் பத்து நிமிடம் மண்ணைத் தொடாமல் சுற்ற விடுவேன், பிறகு அரை மணி நேரம் இளகிய மண்ணில் மேலாக ஓட்டிவிட்டு நிறுத்தி ஸ்பிரிங்கைப் பார்ப்பேன், மூன்று நாலு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுவதும் பெரிதாக மாறாது. மாறிக்கொண்டே இருந்தால், அடிக்கடி திருக வேண்டி வந்தால், வேறு எங்கோ கோளாறு. அங்கே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். நான் முதல் பெல்ட்டிலேயே ரெண்டாவது முறை திருகும்போது நிறுத்தியிருந்தால் மற்ற ரெண்டும் தப்பியிருக்கும்.

ஓட்டுகிற முறையும் பெல்ட்டின் ஆயுளில் பெரும் பங்கு எடுத்துக்கொள்கிறது. சின்ன என்ஜின்கள் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 3600 சுற்று வரை போகும். அந்த வேகத்தில் லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் பிடிக்கும் வரை பெல்ட் வெந்துகொண்டே இருக்கும். வேகத்தைக் குறைத்து, லிவரைத் தயங்காமல் முழுதாக அழுத்தி, பிடித்த பிறகு வேகத்தை ஏற்ற வேண்டும். பாதி அழுத்தி ஓட்டுவது என்பதே கூடாது. கெட்டி மண்ணில் ஒரே மூச்சில் ஆழமாக இறக்காமல் முதலில் மேலாக ஒரு ஓட்டு, பிறகு ஆழமாக ஒரு ஓட்டு. கத்தி வேரிலோ கல்லிலோ சிக்கி நின்றால் அந்த நொடியே லிவரை விட்டுவிட வேண்டும், இரைச்சல் மாறுவது காதுக்குக் கேட்கும். கையும் காதும் பழகிவிட்டால் இது தானாக வரும், எனக்கு வர ஒரு மாதம் ஆயிற்று.

நழுவுகிறதே என்று பெல்ட் மேல் பசை போலத் தெளிக்கும் மருந்து எதையும் போட வேண்டாம். கிளட்சாக வேலை செய்ய வேண்டிய பெல்ட் அதனால் லிவரை விட்ட பிறகும் ஒட்டிக்கொள்ளும், மண்ணும் வந்து படியும். சேறு படிந்தால் காய்ந்த துணி, போகாவிட்டால் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி, அப்புறம் நன்றாகக் காயவிட வேண்டும். பெட்ரோல் வைத்துத் துடைத்தால் ரப்பர் கெட்டுவிடும். எண்ணெய் ஊறிய பெல்ட் உப்பி மெத்தென்று ஆகியிருக்கும், அதைக் காப்பாற்ற முடியாது. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் புதியதைப் போடாதீர்கள், பெரும்பாலும் என்ஜின் தண்டின் ஆயில் சீல் கசிந்து புல்லியில் இறங்கியிருக்கும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் கவருக்குள் நுழைந்த புல், மண், சின்னக் கல் எல்லாவற்றையும் ஒரு பழைய பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன், ரெண்டு நிமிட வேலைதான். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு கல் மாட்டினால் நார் அறுந்துபோக அது ஒன்றே போதும்.

பருவம் முடிந்து வண்டியை ஒதுக்கும்போது லிவரை அழுத்திக் கட்டி வைக்கக் கூடாது, பெல்ட் தளர்வாகவே இருக்கட்டும். இறுகியே மாதக்கணக்கில் நின்றால் புல்லியின் வளைவுக்கே பெல்ட் மடங்கி, அடுத்த தடவை ஓட்டும்போது திமுதிமுவென்று அதிரும். எலி நுழையாத மாதிரி கவரை மூடி வைக்கிறேன். கையிருப்புக்கு எப்போதும் ஒரு பெல்ட் உண்டு, அதை ஆணியில் தொங்கவிடாமல், இறுக்கி மடிக்காமல், வெயில் படாத அலமாரியில் அதன் அட்டை உறையோடே வைத்திருக்கிறேன். உறையின் மேல் அளவை எழுதியிருக்கிறேன், வண்டியின் கவருக்கு உள்பக்கமும் அழியாத பெயிண்ட் பேனாவால் ஏ-33 என்று எழுதியிருக்கிறேன். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டுக்கு இது மூன்றாவது பருவம். போன வாரம் கவரைத் திறந்து பார்த்தேன், ரெண்டு பக்கமும் மின்னாமல் மங்கலாக, துணி உறை பிரியாமல் இருக்கிறது. கேபிள் நட்டில் திருகுவதற்கு இன்னும் முக்கால்வாசிப் பிரி மிச்சமிருக்கிறது.